லண்டனில் வங்காளத் திருமணம்: வாசல் முதல் கடைசிப் பந்தி வரை விருந்தினரை வரவேற்க ஒரு முழுமையான வழிகாட்டி

வங்காள இந்துத் திருமணத்துக்குப் போய்வந்தவர்கள் மறுநாள் இரண்டு விஷயத்தைத்தான் பேசுவார்கள்: வாசலில் நின்று யார் கூப்பிட்டார்கள், கறியும் மீனும் கடைசிப் பந்தி வரை இருந்ததா. கொல்கத்தாவில் இதைப் பார்த்துக்கொள்ள மாமாக்களும் சித்தப்பாக்களும் தெருப் பையன்களும் போதுமான அளவு இருப்பார்கள். லண்டனில் இருப்பது ஒரு வாடகை மண்டபம், அதன் மேலாளர், இரவு 11 மணிக்கு அணைந்துவிடும் விளக்கு. இங்கே வரவேற்பு சொதப்புவதற்குப் பெரும்பாலும் நேரக் கணக்குதான் காரணம். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

கீழே உள்ள அளவுகள் 150 பேருக்கானவை. திருமண நாளை நடத்துவது பெண் வீட்டார். ஓரிரு நாள் கழித்து, பெண் புகுந்த வீட்டுக்கு வந்த பின் நடக்கும் பௌபாத் விருந்து மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. இங்கே பல குடும்பங்கள் செலவைப் பகிர்ந்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன. அப்படிச் செய்தாலும், வாசலில் நிற்பது எந்த வீடு என்பதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். ‘நீங்கள் நிற்பீர்கள் என்று நாங்கள் நினைத்தோம்’ என்ற குழப்பத்தில் வாசல் காலியாகக் கிடந்த கல்யாணங்கள் நிறைய உண்டு.

தேதியும் லக்னமும்

வங்காளிகள் பாத்ரோ, ஆஷ்வின், கார்த்திக், பௌஷ், சைத்ரோ மாதங்களில் திருமணம் வைப்பதில்லை. நம் கணக்கில் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, மார்கழி, பங்குனி. தமிழ்க் குடும்பத்தோடு சம்பந்தம் என்றால் இங்கேயே முதல் சிக்கல் வரும்: நமக்கு ஆவணி நல்ல மாதம், அவர்களுக்கு ஆகாது, நாம் ஒதுக்கும் ஆடி அவர்களுக்குத் தடையில்லாத ஸ்ராபோன். வைகாசி, ஆனி, தை, மாசி பக்கம் போனால் இரண்டு வீட்டுக்கும் ஒத்துவரும்.

பிரிட்டனின் விடுமுறைகளும் ஒத்துழைக்காது. ஆகஸ்ட் கடைசித் திங்கள் விடுமுறை பாத்ரோவில் விழும், கிறிஸ்துமஸ் விடுமுறை பௌஷில். டிசம்பர் முதல் பாதி (அவர்களுக்கு ஒக்ரஹாயோன், நமக்குக் கார்த்திகை) நல்ல தேர்வு.

லக்னத்தைப் பஞ்சாங்கத்தில் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அச்சில் இருப்பது வங்காளத்துக்கான நேரம். லண்டனுக்குக் கணக்கிட்டுத் தரச் சொல்லி புரோகிதரிடம் எழுதியே வாங்குங்கள். நம்மூர் வாக்கியம், திருக்கணிதம் போல அங்கும் குப்தா பிரஸ், விசுத்த சித்தாந்தம் என்று இரண்டு பஞ்சாங்க வழிகள் உண்டு. இரண்டு வீடும் ஒன்றையே பின்பற்றுகிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பலரும் விரும்புவது கோதூளி லக்னம், அதாவது அந்தி நேரம். டிசம்பர் தொடக்கத்தில் லண்டனில் சூரியன் 4 மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஜூன் கடைசியில் 9.20 ஆகும். ஜூனில் கோதூளிக்கு ஆசைப்பட்டால், ஓமம் முடிவதற்குள் மண்டபக்காரர் நாற்காலியை அடுக்கத் தொடங்கிவிடுவார். டிசம்பர் சனிக்கிழமைக்கு இப்படி ஓர் அட்டவணை சரியாக வரும்:

- காலை 9.00: மண்டபச் சாவி, அலங்காரம்
- 2.00: வாசலில் ஆட்கள் நிற்கத் தயார், தேநீர்
- 2.30: விருந்தினர் வருகை
- 3.15: மாப்பிள்ளை ஊர்வலம்
- 4.00: சடங்கு தொடக்கம்
- 5.00 முதல் 8.00 வரை: மூன்று பந்திகள்
- 7.00: குங்குமம் வைத்தல், பிறகு படம் எடுத்தல்
- 9.30: மண்டபம் காலி செய்யத் தொடங்குதல்

அழைப்பிதழில் 2.30 என்று போட்டால் பாதிப் பேர் 3.30க்குத்தான் வருவார்கள். அதற்காகப் பொய்யாக 1.30 என்று போட வேண்டாம். ஆங்கிலேய நண்பர்கள் சரியாக 1.30க்கு வந்து, ஏணியில் ஏறிப் பூக்கட்டுபவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இன்னொன்று: வாடகை மண்டபத்தில் நடக்கும் வைதிகச் சடங்கு இங்கிலாந்துச் சட்டப்படி திருமணமாகாது. பதிவு அலுவலகத்தில் குறைந்தது 28 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, பதிவைத் தனியாக முடித்துவிட வேண்டும்.

அழைப்பு

வங்காள அழைப்பிதழின் தலையில் பிரஜாபதிக்கு வணக்கமும், பெரும்பாலும் ஒரு வண்ணத்துப்பூச்சிப் படமும் இருக்கும். கீழே, கடிதம் மூலம் அழைப்பதற்குப் பொறுத்தருளுமாறு ஒரு வரி வரும். அந்த வரி வெறும் சம்பிரதாயம் இல்லை. பெரியவர்களைக் கடிதத்தால் மட்டும் அழைத்தால் உண்மையிலேயே வருத்தப்படுவார்கள். அட்டை போய்ச் சேர்ந்த வாரத்தில் பெற்றோரில் ஒருவர் நேரில் போகவோ தொலைபேசியில் பேசவோ வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டு அழைத்தாயிற்று என்று நினைத்தால், ‘எங்களைச் சரியாகக் கூப்பிடவில்லை’ என்ற பேச்சு பத்து வருடம் ஓடும்.

அட்டையோடு ஒரு தனித்தாள் வையுங்கள். எப்போது வரவேண்டும், எத்தனை மணிக்குச் சாப்பாடு, மணவறைப் பக்கம் செருப்பைக் கழற்ற வேண்டும், கறுப்பு வெள்ளை உடையைத் தவிர்த்தால் நல்லது, சிவப்புப் பனாரஸ் மணப்பெண்ணுக்கு உரியது என்று நாலைந்து வரி போதும். பதில் கேட்கும்போதே மீன், ஆட்டுக்கறி, சைவம், ஹலால், ஒவ்வாமை ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். வங்காளச் சமையலில் கடுகு எல்லாவற்றிலும் இருக்கும். பிரிட்டனில் சமையல்காரர் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கடுகும் ஒன்று. மீன், பால், எள், கோதுமை, இறால் வகை, பருப்புக் கொட்டைகளும் அந்தப் பட்டியலில்தான்.

வாசல்

இரண்டு பக்கமும் வாழைக்கன்று, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பித்தளைக் குடம். குடத்தில் முக்கால் அளவு நீர், மேலே ஐந்து இலை கொண்ட மாங்கொத்து, அதன்மேல் காம்போடு கூடிய பச்சை இளநீர். குடத்தின் வயிற்றில் எண்ணெயில் குழைத்த குங்குமத்தால் சுவஸ்திகம். ஐரோப்பாவில் அந்தக் குறியைப் பார்த்ததும் முகம் மாறுபவர்கள் உண்டு. விருந்தினரில் யூதர்களோ ஜெர்மானியர்களோ இருந்தால் ஒரு வார்த்தை முன்பே விளக்கிவிடலாம். சில குடும்பங்கள் அதற்குப் பதிலாகக் குங்குமத்தில் ஒரு மனித உருவக் கோட்டை மட்டும் வரைகின்றன, அதுவும் மரபில் உள்ளதுதான். மாவிலையும் வாழையிலையும் வெற்றிலையும் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கத் தமிழ்க் கடைகளில் கிடைக்கும், ஆனால் ஒரு வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். காம்புள்ள இளநீர் கிடைப்பது கடினம். குடுமித் தேங்காய் வைத்தால் யாரும் குறை சொல்வதில்லை. ஊரிலிருந்து பச்சை இலையைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவர நினைக்காதீர்கள், தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விமான நிலையத்தைத் தாண்டாது. பால் இனிப்புகளுக்கும் இந்தியாவிலிருந்து அனுமதியில்லை. சந்தேஷும் மிஷ்டி தொய்யும் (இனிப்புத் தயிர்) இங்கேயே செய்ய வேண்டியவை.

ஆல்பனா நம் மாக்கோலம்தான், பச்சரிசி மாவில் விரலால் போடுவது. 200 கிராம் பச்சரிசியை 2 மணி நேரம் ஊறவைத்து, மழமழவென அரைத்து, மோர்ப் பதத்துக்கு நீர் சேர்த்தால் வாசலுக்கும் மணவறைக்கும் போதும். தோய்த்த துணித்துண்டை உள்ளங்கையில் பிடித்து, மோதிர விரல் வழியாக ஒழுகவிட்டு வரைவார்கள். மண்டபத் தரையில் நேராகப் போட்டால் வைப்புத்தொகை போய்விடும். சிவப்பு வண்ணம் பூசிய ஒட்டுப்பலகையில் முதல் நாளே வரைந்து காயவைத்து, ஓரமாகச் சாய்த்து நிறுத்துங்கள். நடைபாதையில் கிடத்தினால் மழையில் நனைந்த காலணியோடு வருபவர் வழுக்கி விழுவார்.

வாசலில் நிற்க நான்கு பேர் போதும், ஆனால் சரியான நான்கு பேர். இரு குடும்பத்து முகங்களும் தெரிந்த ஒரு பெரியவர் கட்டாயம். பன்னீர்ச் செம்போடு ஒருவர், ரோஜாவோ சம்பங்கிக் காம்போ தருவதற்கு ஒருவர், உள்ளே அழைத்துப்போய் உட்கார வைக்க ஒருவர். பன்னீரைத் தலைக்கு மேல் வீசக் கூடாது. நீட்டிய கையில் இரண்டு சொட்டு போதும். மலிவான பன்னீரில் கலந்திருக்கும் சாயம் பட்டில் கறை விடும். வயதில் மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஆணென்றால் தாதா, பெண்ணென்றால் திதி. பெற்றோர் வயதென்றால் காக்கு, காக்கிமா, அல்லது மாஷி. “ஆஷுன், ஆஷுன்” (வாருங்கள், வாருங்கள்) என்று இருமுறை சொல்லிக்கொண்டே ஓரடி முன்னால் போக வேண்டும். நின்ற இடத்திலிருந்து கையைக் காட்டி ‘அந்தப் பக்கம்’ என்பது அவமதிப்பாகப் படும்.

குளிர்காலம் என்றால் கோட்டு மாட்டும் இடத்தை மறக்காதீர்கள். வங்காளத்து வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது. 6 அடிக் கம்பி ஒன்றில் தடித்த கோட்டு 35க்கு மேல் ஏறாது. 150 பேருக்கு ஐந்து கம்பி, எண் போட்ட டோக்கன், அதற்கென்று ஓர் ஆள். இல்லாவிட்டால் பட்டுச் சேலைக்கு மேல் கோட்டோடு எல்லோரும் மணவறை முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம்

மாப்பிள்ளையோடு வரும் கூட்டத்துக்குப் போர்ஜாத்ரி என்று பெயர். மாலையின் முதல் மரியாதை இவர்களுக்குத்தான். எத்தனை பேர் என்பதை ஒரு வாரம் முன்பே இரு வீடும் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். 40 என்று சொல்லி 60 வந்தால் சாப்பாட்டுக் கணக்கு அங்கேயே உடையும். அந்தக் கூட்டத்தின் தலைவர் போர்கர்த்தா. அவரைப் பெண் வீட்டின் மூத்த ஆண் கையைப் பிடித்து அழைத்து வர வேண்டும், இளைஞர்களிடம் விடக் கூடாது.

கார் வந்து நின்றதும் சங்கு ஊதிப் பெண்கள் உலு போடுவார்கள். நம்மூர்க் குலவை கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை, தாராளமாகச் சேர்ந்துகொள்ளலாம். சங்கு ஊதத் தெரிந்தவர் யார் என்பதை முன்பே கண்டுபிடியுங்கள். அந்த நேரத்தில் ஆளுக்கு ஆள் ஊதிப்பார்த்துக் காற்று மட்டும் வருவது வழக்கமான காட்சி.

பெண்ணின் தாயோ மூத்த சுமங்கலியோ அலங்கரித்த முறத்தோடு வருவார். முறத்தில் அகல்விளக்கு, நெல், அருகம்புல், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், மாவில் கூம்பு போலப் பிடித்து வண்ணமிட்ட ‘ஸ்ரீ’, ஒரு தட்டில் இனிப்பு. விளக்கைச் சுற்றி, நெற்றியில் பொட்டிட்டு, இனிப்பும் தண்ணீரும் ஊட்டி உள்ளே அழைப்பார்கள். லண்டன் காற்றில் அகல் நிற்காது. கண்ணாடிக் கூண்டு விளக்கு ஒன்றை முறத்துக்குள் பொருத்திவிடுங்கள். வெளியே குளிராக இருந்தால் இதை உள்வாசலுக்கு மாற்றலாம்.

மாப்பிள்ளையின் தலையில் இருக்கும் டோபர் நெட்டியில் செய்தது. தஞ்சாவூரில் கோயில் உருவங்கள் செதுக்கும் அதே நெட்டிதான். ஒரு தூறல் பட்டாலும் உப்பி, ஒட்டிய ஜரிகை கழன்றுவிடும். விமானத்தில் கைப்பெட்டியாகவே கொண்டுவர வேண்டும், காரிலிருந்து வாசல் வரை குடை பிடிக்க ஓர் ஆள் வேண்டும். மணப்பெண்ணின் வெள்ளைச் சங்கு வளையலும் விழுந்தால் உடையும். மாற்று ஜோடி ஒன்று வாங்கி வையுங்கள். இந்த வளையலுக்கான சங்கு காலங்காலமாகத் தூத்துக்குடி, ராமநாதபுரம் கடலில் எடுக்கப்பட்டு வங்காளத்துக்குப் போய்வந்தது என்பது தமிழ் விருந்தினர்களுக்குச் சொல்ல நல்ல செய்தி.

வாசலை மறித்துப் பணம் கேட்கும் விளையாட்டு இருந்தால், தொகையை முன்பே பேசி 5 நிமிடத்தில் முடியுங்கள். அதற்குமேல் இழுத்தால் பெரியவர்கள் குளிரில் நிற்பார்கள், லக்னமும் தள்ளும்.

தாய்மார்கள் விஷயத்தில் கவனம் தேவை. மரபுப்படி மணமகனின் தாய் திருமணத்துக்கே வருவதில்லை. பெண்ணின் தாய் மாப்பிள்ளையை வரவேற்பார், சடங்கைப் பார்க்கமாட்டார். வெளிநாட்டில் பலர் இதை விட்டுவிட்டார்கள், சிலர் விடவில்லை. இருவரிடமும் நேராகக் கேட்டுவிட்டு இருக்கை போடுங்கள். தெரியாத நண்பர் யாராவது ‘அம்மா எங்கே, முன்னால் வாருங்கள்’ என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் எல்லோருக்கும் சங்கடம்.

சடங்கு நடக்கும்போது

மணப்பெண் கண்ணை வெற்றிலையால் மறைத்து மணையில் அமர்ந்திருக்க, சகோதரர்கள் அவளைத் தூக்கி மாப்பிள்ளையை ஏழு முறை சுற்றிவருவார்கள். நாலு பேர் தூக்க, இரண்டு பேர் மாற்றாள். காலுறையோடு பளபளப்பான மரத்தரையில் தூக்க விடாதீர்கள், வெறுங்கால்தான் சரி. தொங்குவிளக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். பிறகு இலையை விலக்கி முதல் பார்வை, மூன்று முறை மாலை மாற்றுதல், கன்னிகாதானம், ஓமம், நெற்பொரி இடுதல், ஏழடி, கடைசியில் வகிட்டில் குங்குமம். முழுமையாகச் செய்தால் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும்.

ஓமத்துக்கு மண்டபத்தின் எழுத்து அனுமதி வேண்டும். ‘பரவாயில்லை, செய்துகொள்ளுங்கள்’ என்று வாயால் சொன்ன மேலாளர் அன்று விடுப்பில் இருப்பார். புகை உணர்கருவியை அந்தப் பகுதிக்கு மட்டும் யார் அணைப்பார், எத்தனை மணியிலிருந்து எத்தனை வரை என்று எழுதி வாங்குங்கள். ஓமகுண்டம் ஓரடிக்கு மிகாமல் இரும்பில், அடியில் செங்கல், அதன் கீழே தீப்பிடிக்காத பலகை. பக்கத்தில் ஒரு வாளி மணல், தீப்போர்வை. காய்ந்த மெல்லிய குச்சிகளே போதும். ஈர விறகும் மொத்தமாக ஊற்றும் நெய்யும்தான் புகையைக் கிளப்பும். அலாரம் அடித்தால் 150 பேரும் பட்டுடையோடு கார் நிறுத்துமிடத்தில் நிற்க வேண்டியதுதான்.

இந்த மூன்று மணி நேரமும் எல்லோரும் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம், பேசலாம். தாலி கட்டும்வரை காத்திருந்து பழகிய தமிழர்களும், தேவாலயத் திருமணம் பார்த்தவர்களும் பசியோடு நெளிந்துகொண்டிருப்பார்கள். ‘இப்போது முதல் பந்தி தயார், போய்வாருங்கள்’ என்று ஒவ்வொரு வரிசையாகப் போய்ச் சொல்ல ஓர் ஆளை நியமியுங்கள்.

பந்தி

ஐம்பது பேராக மூன்று பந்தி. ஒரு பந்திக்கு 45 நிமிடம், மேசை துடைத்துப் போட 15 நிமிடம். பத்துப் பேருக்கு ஒரு பரிமாறுபவர். முதல் பந்தியில் போர்ஜாத்ரியும் முதியவர்களும் குழந்தைகளும், கடைசியில் வீட்டார். பஃபே வைத்தால் ஆள் மிச்சம்தான், ஆனால் மரபான உபசாரம் வேண்டும் என்றால் உட்கார வைத்துப் பரிமாறுவதே அழகு.

வரிசை இப்படி: உப்பு, எலுமிச்சைத் துண்டு, லுச்சி (மைதா பூரி), கத்திரிக்காய் வறுவல், தேங்காய்ப் பல் போட்ட கடலைப்பருப்பு, காசுந்தியோடு (கடுகுத் துவையல்) மீன் வறுவல், பிறகு புலாவ், மீன் காலியா (கெட்டிக் குழம்பு), அதன்பின் கொஷா மாங்ஷோ (சுருள வதக்கிய ஆட்டுக்கறி). முடிவில் தக்காளி-பேரீச்சைச் சட்னியும் அப்பளமும், மிஷ்டி தொய், ரசகுல்லா, சந்தேஷ், இனிப்பு பீடா. மீனும் கறியும் தட்டில் கலக்கக் கூடாது. மீன் முடிந்த பின்தான் கறி வாளி வரும்.

அளவுகள்: ஆட்டுக்கறி எலும்போடு ஆளுக்கு 220 கிராம், 120 பேர் சாப்பிடுவார்கள் என்று வைத்தால் 26 முதல் 27 கிலோ. புலாவ் அரிசி ஆளுக்கு 80 கிராம், 12 கிலோ. கடலைப்பருப்பு நாலரை கிலோ. ரோகு மீன் 110 கிராம் துண்டுகளாக 180. ரசகுல்லா 300. மிஷ்டி தொய் ஆளுக்கு 100 கிராம், 15 கிலோ. இதற்கு 22 லிட்டர் கொழுப்பு நீக்காத பாலை மூன்றில் இரண்டு பங்காகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். இங்குள்ள குளிரில் சமையலறை மேடையில் வைத்தால் உறையாது, 40 டிகிரிச் சூட்டில் 7 மணி நேரமாவது இருக்க வேண்டும்.

லுச்சிதான் பெரிய தலைவலி. எண்ணெயிலிருந்து எடுத்துப் பத்து நிமிடத்தில் ரப்பராகிவிடும், பல மண்டபங்களில் எண்ணெயில் பொரிக்கவே அனுமதியில்லை. சூடாகப் போட வழி இல்லையென்றால் லுச்சியை எடுத்துவிட்டுப் புலாவைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆறிப்போன லுச்சி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். மீன் வறுவலுக்குக் கொல்கத்தாவில் கொடுவா. உறைந்த கொடுவா லண்டனிலும் கிடைக்கும். காட் மீன் போட்டால் எளிதில் உதிர்ந்துவிடும். ரோகுவில் முள் அதிகம், பழக்கமில்லாதவர் மேசைக்கு முள்ளில்லாத துண்டைத் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். சூடான உணவு 63 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. மூன்று மணி நேரப் பந்திக்குச் சூடு காக்கும் பெட்டி இல்லாமல் முடியாது.

கறி வந்து இறங்கியதுமே கடைசிப் பந்திக்கான மூன்றில் ஒரு பங்கைப் பிரித்து மூடி வைத்துவிடுங்கள், அதன் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். முதல் பந்தியில் கை தாராளமாகப் போய், மூன்றாவது பந்தியில் குழம்பும் உருளைக்கிழங்கும் மட்டும் மிஞ்சுவது அடிக்கடி நடக்கிறது.

ஒவ்வொரு பந்தியிலும் பெண்ணின் தந்தையோ சித்தப்பாவோ மேசை மேசையாகப் போய் ‘நன்றாகச் சாப்பிட்டீர்களா, இன்னொரு துண்டு?’ என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்பதை முதல் தடவை யாரும் நம்பமாட்டார்கள். தட்டின் மேல் கையை வைத்து மறைத்தால்தான் விடுவார்கள். வெளிநாட்டு நண்பர்களுக்கு இந்தச் சைகையைப் பரிமாறுபவர்களே கற்றுக்கொடுத்துவிட்டால் வீணாவது குறையும்.

பரிசும் வழியனுப்பும்

பண உறையைப் பெண்ணின் கையிலேயே திணிப்பார்கள். பக்கத்தில் நம்பகமான ஒருவர் பெயர் எழுதிப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும். 51, 101 என்று ஒன்று சேர்த்து வைப்பது வழக்கம்.

புறப்படும்போது பெண் அரிசியைத் தோளுக்குப் பின்னால் எறிய, தாய் முந்தானையில் ஏந்துவார். தாய்க்குப் பின்னால் ஒரு போர்வை விரியுங்கள், சிதறிய அரிசி வழுக்கும். இந்த நேரத்தில் பெண்ணின் குடும்பம் அழுதுகொண்டிருக்கும், யாரும் விருந்தினரைக் கவனிக்கமாட்டார்கள். எனவே இனிப்புப் பெட்டி கொடுக்கவும், டாக்ஸி கூப்பிடவும், கடைசி ரயில் நேரம் சொல்லவும் குடும்பத்துக்கு வெளியே உள்ள இரண்டு நண்பர்களை வாசலில் நிறுத்துங்கள். பௌபாத் தனியாக நடக்கிறதென்றால், அதன் நேரமும் முகவரியும் அச்சிட்ட சீட்டை அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இங்கேயே கொடுத்துவிடலாம். அது வேறு வீட்டு விருந்து, பட்டியலும் வேறு.